சம்பந்தியின் நம்பர்

அத்தியாயம் பதினான்கு

இப்போதெல்லாம் மனிதன் தும்மினால்கூட அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். டாக்சியில் ஏறி இறங்கினால் நட்சத்திரம். பல் பிடுங்கினால் நட்சத்திரம். முன்பெல்லாம் ஒருத்தன் வேலை சரியில்லை என்றால் மூஞ்சிக்கு நேரே நாலு வார்த்தை திட்டுவார்கள். அவனும் திருப்பி இரண்டு திட்டுவான். வேலை திருந்தும். இப்போது சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தின பிறகு போனில் குத்துகிறார்கள்.

பெயிண்டருக்கு இந்த வயிற்றெரிச்சல் சும்மா வரவில்லை. அறுபத்தெட்டு வயது. அதில் நாற்பத்தைந்து வருஷம் சுவரோடு குடித்தனம் நடத்தியவர். போன மாதம் ஒரு மாடி வீட்டில் மூன்று அறை அடித்துக் கொடுத்தார். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த வீட்டம்மா போட்டது மூன்று நட்சத்திரம். காரணமும் எழுதியிருந்தாள்: ‘வேலை சுத்தம். ஆள் ரொம்பப் பேசுகிறார்.’

“வாயை மூடிட்டு அடிக்கற ஆள் வேணும்னா அவளே அடிச்சுக்கட்டும்” என்று பெயிண்டர் ஒரு வாரம் வீட்டில் பேசித் தீர்த்தார். அந்த அம்மாள் எழுதியதில் தப்பில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் அப்போதுதான் உறுதியானது.

நட்சத்திரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் நடந்ததைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

பதினோரு வருஷமாக, மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து, ஞாயிறு காலை என்றால் பெயிண்டர் இரண்டு தெரு தள்ளி சம்பந்தியின் பால்கனியில் இருப்பார். நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் செஸ் பலகை. கறுப்பு யானை ஒன்று எங்கேயோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு மருந்து பாட்டில் மூடி நிற்கும். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வந்த மனஸ்தாபம் எல்லாம் அந்த முக்காலியில்தான் வெட்டுப்பட்டுச் செத்தது.

சம்பந்தியைத் தெருவே ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று கூப்பிடும். உண்மையில் அவர் போஸ்ட்மாஸ்டர் ஆகவே இல்லை. தபால் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தபால்தலை கிழித்துக் கொடுத்து, அதே ஜன்னலிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டிக்கட்டை.

போன ஞாயிறு அவர் பலகையை விரிக்கவில்லை. போனை நீட்டினார்.

“பாருங்க சம்பந்தி. ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தாறு.”

“என்ன இது, உங்க பிரஷரா?”

“ரேட்டிங். போன்ல செஸ் ஆடறவங்களோட தரத்தை நம்பராக் கொடுப்பாங்க. ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும். உங்களுக்கு நம்பரே கிடையாது. இனிமே நாம ரெண்டு பேரும் ஆடறது சரிப்படாது.”

“என்கூட இந்த முக்காலியில ஆடினா போன்ல உங்க நம்பர் குறையுமா?”

“குறையாது. ஆட்டம் கெட்டுப்போகும்.”

பத்துக்கு ஆறு ஆட்டம் தன்னிடம் தோற்கிற மனுஷன் வாயிலிருந்து இது வந்தது. பெயிண்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு வாரம் கழிந்தது. இந்த ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றதைப் பார்த்து, மருமகள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே நிறுத்தினாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் டியூட்டி. பஸ் ஓட்டும் மகன் வெளியூர் போயிருந்தான்.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க? யார் வீட்டு விசேஷம்?”

“லாண்டரிக்கு மேல செஸ் கிளப் இருக்கில்ல, அங்க இன்னிக்குப் போட்டி. நானும் ஒரு நம்பர் வாங்கிட்டு வந்து உங்கப்பன் மூஞ்சில அடிக்கப்போறேன். அப்புறம் எப்படி ஆடமாட்டேன்னு சொல்றார் பாக்கறேன்.”

அவள் முகம் மாறியது. பாட்டிலை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகும்போது உட்காருகிற பெண் இல்லை அவள்.

“மாமா, அப்பாவும் அங்கதான் வர்றார். பேர் கொடுத்துட்டார்.”

“வரட்டும். ரொம்ப நல்லதாப் போச்சு.”

“நல்லதில்லை மாமா. அந்த நம்பர் அவரோடது இல்லை.”

“பின்ன யாரோடது?”

“என்னோடது.”

பெயிண்டர் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை.

அம்மா போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவள்தான் அவர் போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். அவருக்கென்று மின்னஞ்சல் எதுவும் இல்லாததால் தன்னுடையதைக் கொடுத்தாள். அதனால் அதே ஆட்டம், அதே பெயர், அவள் போனிலும் திறந்துகொண்டது. முதலில் அப்பா ஆடுவதை எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒருநாள் மத்தியானம், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை மெஷினில் சுற்றவிட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், கை துறுதுறுத்து ஒரு ஆட்டம் ஆடினாள். ஜெயித்தாள். மறுநாளும் ஆடினாள்.

“அப்பா ரெண்டு மணிக்குத் தூங்குவார். அந்த நேரத்துல மட்டும்தான் ஆடுவேன். சாயங்காலம் போன் பண்ணினா, ‘இன்னிக்குப் பன்னிரண்டு ஏறியிருக்கும்மா’ன்னு சொல்லுவார். அந்தக் குரலைக் கேட்டுட்டு எப்படி மாமா உண்மையைச் சொல்றது?”

“மொத்த ஆட்டத்துல எத்தனை உன்னோடது?”

“பத்துக்கு ஏழு.”

“அப்ப மிச்சம் மூணு அவரோடது.”

“அந்த மூணும் தோத்தது மாமா.”

பெயிண்டருக்குச் சிரிப்பு முட்டியது. அவள் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டார். “தான் ஆடாத ஆட்டம் இருக்கறது அவருக்குத் தெரியாதா?”

“பழைய ஆட்டத்தை எல்லாம் பாக்கமாட்டார். நம்பரை மட்டும்தான் பாப்பார். நான் ஸ்கூல் முடிச்சதோட செஸ்ஸை மறந்துட்டேன்னுதான் நினைச்சிக்கிட்டிருக்கார். இன்னிக்கு அந்த நம்பரை நம்பிப் பெரிய ஆளுங்களோட உக்காரவெப்பாங்க. எல்லார் முன்னாடியும் நசுக்கிடுவாங்க மாமா. நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க. இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“இந்த எழவு நம்பர் எதுக்கும்மா? ஏறினா என்ன, இறங்கினா என்ன?”

“தப்பில்லை மாமா. காய்ச்சல் பாக்கற மாதிரிதான். நமக்குச் சமமான ஆளைத் தேடிப் பிடிச்சு உக்காரவைக்கத்தான் அது. பெரிய ஆள் வந்தா பத்தே நிமிஷத்துல முடிச்சிருவான். சின்ன ஆள் வந்தா நமக்குத் தூக்கம் வரும்.”

“எனக்குச் சமமான ஆள் உங்கப்பன்தான்னு பதினோரு வருஷமாத் தெரியும். காய்ச்சல் இல்லாதவனுக்கு எதுக்கு தெர்மாமீட்டர்?”

அவளிடம் பதில் இருந்திருக்கும். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று, “மாமா, உங்களை நம்பித்தான் போறேன்” என்றாள்.

யாரும் பெயிண்டரிடம் ரகசியம் சொல்வதில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவார்களா? இப்போது ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

*

லாண்டரியின் மாடி முழுக்க நீராவி வாடை. படி ஏறியதும் பெயிண்டர் முதலில் பார்த்தது மனிதர்களை அல்ல, வடக்குச் சுவரை. ஈரம் ஏறிக் கொப்புளம் கொப்புளமாக வீங்கி நின்றது. ‘சுரண்டாமலே மேலே அடித்திருக்கிறான், படுபாவி’ என்று முகம் தெரியாத ஒருத்தனை மனதில் திட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

நீளநீளமாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் விரித்துப்போட்ட செஸ் பலகை, பக்கத்தில் ஒரு கடிகாரம். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு கனத்த உடம்புக்காரி ஒருத்தி பேப்பரும் கையுமாக நின்றாள். அவள்தான் நடுவர்.

“உங்க ரேட்டிங்?”

“இல்லை.”

“போன்ல?”

“என் போன்ல பேசத்தான் முடியும்.”

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். “கடைசி மேஜை. குழாய்க்குப் பக்கத்துல. இன்னிக்கு மூணு ஆட்டம். முடிஞ்சதும் உங்களுக்கும் ஒரு நம்பர் போட்டுத் தருவோம்.”

முன்வரிசையில் ஆறாவது மேஜையில் போஸ்ட்மாஸ்டர் தலையைப் படிய வாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயிண்டரைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

“சம்பந்தி, நீங்க எங்க இங்க?”

“சுவரைப் பாக்க வந்தேன்.”

“சுவரா?”

“ஆமா. அழுகிப்போயிருக்கு.” அதற்கு மேல் நின்றால் வாய் நழுவும் என்று பெயிண்டர் குழாயடி மேஜைக்கு நடையைக் கட்டினார்.

எதிரே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர். காயைத் தொடுவதற்கு முன்பே அவருக்கு வியர்த்திருந்தது.

“உங்க நம்பர் என்ன சார்?”

“இல்லை.”

“இல்லைன்னா, இன்னும் வரலையா?”

“வேணும்னு இதுவரைக்கும் தோணலை.”

“நம்பர் இல்லாத ஆளுன்னாதான் சார் எனக்குப் பயமே. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. உங்ககிட்டத் தோத்தா எனக்கு இருபது போயிடும். ஆயிரத்து நூறுக்கு மேல நிக்கணும்னு ஆறு மாசமாத் தவம் கிடக்கறேன்.”

“நின்னா?”

அவர் யோசித்தார். “நின்னா, நிக்கலாம்.”

பெயிண்டர் தன் பால்கனி ஆட்டத்தையே ஆடினார். குதிரையை உள்ளே விட்டு, மந்திரியைச் சாய்த்து, இருபத்தைந்தாவது நிமிஷத்தில் எதிராளியின் ராணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ‘அவ்வளவுதானா உங்க நம்பர்’ என்று கேட்க வாயெடுத்தபோது கடிகாரம் கீச்சென்றது. காயை நகர்த்திய பிறகு தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால்தான் தன் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். பெயிண்டர் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. ஆளுக்குக் கொடுத்த இருபத்தைந்து நிமிஷமும் அவர் தலையிலேயே ஓடித் தீர்ந்திருந்தது.

“நேரம் போச்சு. தோத்துட்டீங்க” என்றாள் நடுவர்.

“ராணி என் கையில இருக்கும்மா.”

“கையில என்ன வேணா இருக்கலாம்.”

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், எனக்கே வெக்கமா இருக்கு. நியாயமா நீங்கதான் ஜெயிச்சிருக்கணும். ஆனா நாலு பாயிண்ட் சார்.”

“அந்த நாலை வெச்சு என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கு வீட்டுக்காரிகிட்ட நல்லவிதமாப் பேசுவேன்.”

“தோத்திருந்தா?”

“என் முகத்தைப் பாத்தவுடனே அவ அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்பா.”

உலகத்தில் பைத்தியம் பல ரகம். பெயிண்டர் ஆறாவது மேஜைப் பக்கம் கண்ணை ஓட்டினார். போஸ்ட்மாஸ்டர் அங்கே இல்லை. பதினாலே நகர்த்தலில் மருந்துக்கடைக்காரப் பெண் ஒருத்தி அவரை முடித்து அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் பெயிண்டர் கடிகாரத்தை மறக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆட்டத்தை மறந்தார். அதுவும் போயிற்று. போஸ்ட்மாஸ்டருக்கு அதைவிட மோசம். எதிரே உட்கார்ந்த பஸ் டிப்போ மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஜெயித்தார்.

*

மாடிப்படி வளைவில் ஒரு ஜன்னல். அங்கே போஸ்ட்மாஸ்டர் காகிதக் கோப்பையில் ஆறிய தேநீரோடு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

பெயிண்டர் பக்கத்தில் போய் நின்றார்.

ஒரே ஒரு வார்த்தைதான். ‘அந்த நம்பர் உங்களோடது இல்லை, உங்க பொண்ணோடது.’ சொல்லிவிட்டால் நம்பர் அங்கேயே செத்துவிழும். அடுத்த ஞாயிறு முக்காலி விரிந்துவிடும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. மருமகள் வாசலில் திரும்பிப் பார்த்த முகமும் கூடவே வந்து நின்றது. பெயிண்டர் வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார்.

“என்ன சம்பந்தி, உடம்பு சரியில்லையா?” என்றார் போஸ்ட்மாஸ்டர். “பேசாம நிக்கறீங்க.”

“சுவர் இந்தப் பக்கமும் அழுகியிருக்கு.”

“மூணாவது ஆட்டத்துக்கு நான் இருக்கப்போறதில்லை. அப்படியே படி இறங்கிடறேன்.” போஸ்ட்மாஸ்டர் தேநீரை ஜன்னல் திண்டில் வைத்தார். “சம்பந்தி, ஒண்ணு சொல்றேன். மனசோட வெச்சுக்குவீங்களா? அந்த நம்பர் என்னோடது இல்லை.”

பெயிண்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“நான் ரெண்டு மணிக்குத் தூங்கறேன். மூணு மணிக்கு எழுந்து பாத்தா பதினஞ்சு ஏறியிருக்கு. என்ன, பேயா ஆடுது? மொதல்ல போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஆட்டத்தைப் பிரிச்சுப் பாத்தேன். முதல் காய் குதிரை. எப்பவும் குதிரை. ராணியை அவசரப்பட்டு முன்னாடி கொண்டுவர்றது. நாலாங்கிளாஸ் படிக்கறப்பவே அவளுக்கு அந்தப் புத்தி.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ஒன்றரை வருஷம்.”

“அட, மகா பாவி” என்றார் பெயிண்டர்.

“தினமும் சாயங்காலம் போன் பண்ணுவா. ‘சாப்பிட்டீங்களாப்பா’ம்பா. ‘சாப்பிட்டேம்மா’ம்பேன். நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எங்க பேச்சு. அவ அம்மா இருந்தவரைக்கும் அவதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினா. இப்ப எனக்கு எல்லாம் அந்த ஆட்டத்துலதான் தெரியுது. மூணு ஆட்டம் வரிசையா ஜெயிச்சிருந்தா, சரி, வேலையில இன்னிக்கு நல்ல நாள்னு தெரிஞ்சுக்குவேன். ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தா, யாரோ அவளைத் திட்டியிருக்காங்க. தெரியும்னு சொன்னேன்னா நிறுத்திடுவா சம்பந்தி.”

“அதுக்கு ஏன்யா என்னை நிறுத்தினீங்க?”

“ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தாறுக்காரன் வாராவாரம் உங்ககிட்ட பத்துக்கு ஆறு ஆட்டம் தோத்துட்டு வந்தா, அந்த நம்பரை நான் நம்பறேன்னு அவ எப்படி நம்புவா? ஒண்ணு, நான் தோக்கறதை நிறுத்தணும். இல்ல, ஆடறதை நிறுத்தணும். தோக்கறதை நிறுத்திப் பாத்தேன், முடியலை.” அவர் கண்ணைக் கீழே தெருவுக்குத் திருப்பினார். “பொய் எதுக்கு, நம்பர் ஏறறப்ப நல்லாவும் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் ஒரே ஜன்னல். ஏதோ ஒண்ணு ஏறுதேன்னு.”

பெயிண்டருக்குக் கோபம் வந்ததா, வேறெதாவது வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டார். அதுதான் பழக்கம்.

“ரெண்டு தெரு தள்ளி இருக்கா உங்க பொண்ணு. நடந்தா நாலு நிமிஷம். போய் உக்காந்து ‘யார்ரா உன்னைத் திட்டினா’ன்னு கேக்கறதுக்கு வாய் இல்லையா? பெயிண்ட் கடைக்காரன் தர்ற ஷேடு கார்டுல நிறத்தோட நம்பரைப் பாத்துட்டு வீடு அடிச்சாச்சுன்னு சொல்றமாதிரி இருக்கு. சுவத்துல அடிச்சுக் காஞ்சாத்தான்யா நிறம்.”

“உங்களுக்கு வாய் இருக்கு. எல்லாருக்கும் இருக்கா?”

அதற்குள் மேலேயிருந்து நடுவர் குரல் வந்தது.

“மூணாவது ஆட்டம். ரெண்டும் தோத்தவங்க ரெண்டே பேர். ரெண்டு சைபரும் குழாயடி மேஜைக்கு வாங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் மேஜையும் கடைசி மேஜையும் கடைசியில் ஒன்றுதான்.

“படி இறங்கறேன்னீங்களே?” என்றார் பெயிண்டர்.

போஸ்ட்மாஸ்டர் தேநீரைக் கையில் எடுத்தார். “ஏறிட்டு இறங்கறேன்.”

*

ஒரு வாரப் பட்டினிக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். பெயிண்டர் கடிகாரத்தை அமுக்கிய அமுக்கலில் அது மேஜையில் ஒரு சாண் நகர்ந்தது.

“மெதுவா சம்பந்தி. அது சுவரில்லை.”

“நீங்க காயைப் பாருங்க. உங்க குதிரை எங்க கிளம்பிடுச்சு, தண்ணி குடிக்கவா?”

“உங்க ராஜாவைக் குளிப்பாட்ட.”

“ஸ்ஸ்” என்றாள் நடுவர்.

“யானையைத் தூக்கிக் கொடுத்துட்டு வாய் வேற” என்றார் பெயிண்டர்.

“யானையா அது? எனக்கு மருந்து பாட்டில் மூடின்னாத்தான் அடையாளம் தெரியும்.”

“ஸ்ஸ்ஸ்” என்று பக்கத்து மேஜையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர். அவருடைய நம்பர் ஆபத்தில் இருந்தது.

பெயிண்டர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் கூடுதல். ராஜா பத்திரமான மூலையில். அப்போது போஸ்ட்மாஸ்டர் தன் ராணியைக் கொண்டுவந்து பெயிண்டரின் யானைக்கு முன்னால் நிறுத்தினார். வெட்டிக்கொள் என்பதுபோல. வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பெயிண்டர் வெட்டினார். மறு நகர்த்தலில் அந்தக் குதிரை எங்கிருந்தோ குதித்து மூலை ராஜாவின் கழுத்தில் நின்றது. நாலு பக்கமும் தன் காய்களே அடைத்துக்கொண்டு நின்றன. போக வழியில்லை.

பெயிண்டர் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். எங்கும் ஓட்டை இல்லை. சுத்தமான வேலை.

“இது எப்பக் கத்துக்கிட்டீங்க?”

“போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருத்தருக்கு அவ இப்படிப் பண்ணினா” என்று போஸ்ட்மாஸ்டர் காதோடு சொன்னார். “மூணு நாள் உக்காந்து பாத்தேன்.” பிறகு கொஞ்சம் சத்தமாக, “ஆனா இங்க பண்ணினது நான்” என்றார். சிவந்த காது இப்போது வேறு மாதிரிச் சிவப்பு.

“சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டார் பெயிண்டர். ஒரு வாரமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி.

போஸ்ட்மாஸ்டர் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். பரிசோதனை நிலையத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மருமகள் வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டிருப்பார் என்று ஓடி வந்தவள், அவர் சிரிப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனாள்.

“ஜெயிச்சுட்டேம்மா. உங்க மாமாவை.”

அவள் சந்தேகமாகப் பெயிண்டரைப் பார்த்தாள். விட்டுக்கொடுத்தீர்களா என்று அந்தப் பார்வை கேட்டது.

“அவர் ஜெயிச்சார்” என்றார் பெயிண்டர், முறைப்பாக. “சுத்தமா.”

நடுவர் பேப்பரோடு வந்தாள். கொண்டாட்டமாக நிற்கும் அந்தக் குடும்பத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “பொண்ணா? நீயும் ஆடுவியாம்மா? அடுத்த மாசம் பேர் கொடேன், பெண்கள் குறைச்சலா வர்றாங்க.”

“ஐயோ, நான் ஸ்கூல்ல ஆடினதோட சரி. எல்லாம் மறந்துபோச்சு” என்றாள் மருமகள் வேகமாக.

ஜெயித்த மயக்கம் பொல்லாதது. தபால் ஆபீஸ் ஜன்னலில் முப்பத்து நாலு வருஷம் அளந்து பேசின மனுஷன், அந்த ஒரு நிமிஷம் அளக்கவில்லை.

“மறக்கறதாவது. நல்லா ஆடுவா. அந்த ராணியை மட்டும் அவசரப்பட்டு வெளிய கொண்டுவந்து மாட்டிக்குவா. முந்தாநாள்கூட...”

அதோடு நின்றுவிட்டார்.

குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“முந்தாநாள் என்னப்பா?” என்றாள் மருமகள், மிக மெதுவாக.

போஸ்ட்மாஸ்டர் மகளைப் பார்க்க முடியாமல் பெயிண்டரைப் பார்த்தார். அதே நேரம் மருமகளும் பெயிண்டர் பக்கம் திரும்பினாள். நீங்கள்தானே சொல்லிவிட்டீர்கள் என்று அவள் கண் கேட்டது. எதையாவது சொல்லிக் காப்பாற்றுங்கள் என்று அவர் கண் கெஞ்சியது.

நாற்பத்தைந்து வருஷமாக வாயை மூடு, வாயை மூடு என்று ஊரே சொன்ன ஆளிடம், அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசு என்று கேட்டார்கள்.

“என்னை எதுக்குப் பாக்கறீங்க ரெண்டு பேரும்?” என்றார் பெயிண்டர். “நான் ஒரு வார்த்தை பேசலை. இனிமேயும் பேசமாட்டேன். உங்களுக்குள்ள ஒரு வாய் இருந்தாப் போதும், தேடி எடுத்துப் பேசிக்கோங்க.”

செருப்பைத் தேடி மாட்டினார்.

“ஐயா, நில்லுங்க” என்று நடுவர் பேப்பரை ஆட்டினாள். “உங்க நம்பர் வந்துருச்சு. அறுநூத்திப் பன்னிரண்டு. சீட்டை வாங்கிக்கோங்க.”

“குழாய்க்கு வாஷர் போடுங்க” என்றபடி பெயிண்டர் படி இறங்கினார்.

பாதிப் படியில் மேலே பேச்சு தொடங்கிவிட்டது. முதலில் மகள் குரல். அப்புறம் அப்பா குரல். அப்புறம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக. சண்டையா, சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நின்று கேட்கலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. அப்போதுதான் அந்த எண்ணம் உறைத்தது. இனிமேல் அவளே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பால்கனிக்கு வந்துவிட்டால்? முக்காலிக்கு இரண்டு பக்கம்தான் உண்டு.

‘அடுத்த ஞாயித்துக்கிழமை?’ என்ற கேள்விக்குச் சம்பந்தி பதில் சொல்லவே இல்லை.

ஒன்றரை வருஷம் ஒரு நம்பர் போய் அப்பனையும் மகளையும் பேசவைத்ததாம். தெருவில் இறங்கி நடந்தபோதும் பெயிண்டர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நாலு நிமிஷ நடை. அதற்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறா? யாராலும் அவரை இதற்கு ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.